வரண்ட வன்னியில் காட்டு நடையும் பாறை ஏற்றமும்: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் மலைத்தொடர் கிடையாது. பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கிற தட்டையான காடு, அதற்குள் அங்கங்கே எழும்பி நிற்கும் பாறைகள், மழை ஓய்ந்தால் வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறுகள். உயரம் இல்லை என்பதால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை லேசாக எடுத்துவிடுகிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் பார்ப்பது ஒரே ஒழுங்கு: முதலில் போனில் செய்மதிப் படத்தைப் பார்த்து ஒரு பாறையைத் தேர்வார்கள், பிறகு சப்பாத்து வாங்குவார்கள், கடைசியாகத்தான் ஊராரிடம் கேட்பார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இங்கே எந்தப் பாதையில் போகலாம் என்பதை அதில் தினமும் நடக்கிறவர்களைக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். கீழே உள்ள படிகளின் ஒழுங்கும் அதனால்தான் இப்படி.

1. இடமும் அனுமதியும்

முதலில் தெரிய வேண்டியது அந்தக் காடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது. மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இலிருந்து தேசிய பூங்காக்கள்; வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருபவை. தெற்கே வில்பத்துவும் அப்படித்தான். தேசிய பூங்காவுக்குள் நினைத்தபடி இறங்கி நடக்க முடியாது. அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மற்றக் காடுகளில் பெரும்பகுதி வனவளத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடுகள். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். கையில் கோடரியோ காட்டுக்கத்தியோ இருந்தால் மரம் வெட்ட வந்தவர் என்றுதான் கணக்கு. அவற்றை வீட்டில் விடுங்கள். பக்கத்து வனவள அலுவலகத்தில் எங்கே, எத்தனை பேர், எந்த நாள் என்று சொல்லி எழுத்தில் வாங்குவது நல்லது.

பாறைகளுக்கு இன்னொரு கட்டம் உண்டு. வெடுக்குநாறி மலை, குருந்தூர் மலை போன்றவை வழிபாட்டு இடங்கள். தொல்பொருள் திணைக்களமும் அங்கே கண் வைத்திருக்கிறது. அந்த இடங்களைப் பற்றிய பிணக்குகள் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. போவதற்கு முதல் கிழமையே கோயில் நிர்வாகத்தாரிடம் நிலைமை எப்படி என்று கேளுங்கள். உங்கள் நடைப்பயணம் அங்கே கும்பிடப் போகிற சனத்துக்குக் கரைச்சலாக முடியக்கூடாது.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் தெரிவு: ஊர்மனையிலிருந்து இரண்டு கட்டைக்குள், அதாவது ஏறக்குறைய 3 கிலோமீற்றருக்குள் இருக்கும் ஒரு சிறு பாறை. மாடு மேய்ப்பவர்களும் தேன் எடுப்பவர்களும் அடிக்கடி போய்வருகிற பாதை அதற்கு இருக்க வேண்டும்.

2. ஊரில் ஒருவரைப் பிடிப்பது

விதானையாரிடமோ (கிராம அலுவலர்) கோயிலடியிலோ கேட்டால், காட்டு வழி தெரிந்தவர் யார் என்று சொல்வார்கள். பட்டி வைத்து மாடு பார்ப்பவர்தான் பெரும்பாலும் சரியான ஆள். எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருக்கு அன்றன்றைக்குத் தெரியும். அவருடைய ஒரு நாள் உழைப்பு உங்களால் கெடுகிறது. அதற்கேற்ற கூலியை முன்கூட்டியே பேசுங்கள்.

கேள்வி கேட்கிற விதத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "அண்ணை, இந்தப் பாதையாலை போகலாமோ?" என்று கேட்டால், வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று "ஓம், போகலாம்" என்பார். அது பாதையைப் பற்றிய பதில் ஆகாது. இப்படிக் கேளுங்கள்: "நீங்கள் கடைசியா எப்ப இதாலை போனனீங்கள்? போன கிழமை ஆராவது போனவையோ? எதுவரைக்கும் போனவை?" ஆளும் நாளும் இடமும் வந்தால்தான் அது தகவல். "முந்தி அப்பர் போறவர்" என்ற பதில் வந்தால், அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். இடையில் ஒரு யுத்தம் நடந்திருக்கிறது.

தூரத்தையும் அப்படியே. "கிட்டத்தான்" என்பதற்கு அளவில்லை. எத்தனை மணிக்கு வெளிக்கிட்டு எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேளுங்கள். அவர் ஒரு மணித்தியாலம் என்றால் உங்களுக்கு ஒன்றரை.

3. மிதிவெடி: பாதையை விட்டு விலகாமை

இந்தப் படியைத் தாண்டி எதையும் வாசிக்க வேண்டாம், இது மனதில் பதிகிற வரைக்கும்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முழுதாக அகற்றி முடிக்க வேண்டிய தவணை 2028 ஜூன். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் பெரும் பரப்பைத் துப்புரவாக்கியிருக்கின்றன. ஆனாலும் முன்பு காவலரண்கள் இருந்த கோடுகளிலும் மண் அணைகளின் ஓரத்திலும் இன்னும் எச்சரிக்கை தேவை. வெடிக்காத எறிகணைகள் அதைவிடச் சிதறிக் கிடப்பவை. அவற்றுக்கு ஒழுங்கான கோடும் இல்லை.

சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் எல்லோருக்கும் தெரியும். ஊரார் வைக்கிற அடையாளங்கள்தான் புதியவர் கண்ணில் படுவதில்லை: பாதைக்குக் குறுக்கே பிணைத்து வைத்த இரண்டு கொப்பு, முடிச்சுப் போட்ட புல், மரத்தில் சுற்றிவிட்ட முட்கம்பித் துண்டு. இவற்றில் எதைக் கண்டாலும் நில்லுங்கள். கூட வந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாட்டுத் தடம் இருந்தால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மாடு நடந்த இடத்தில் மனிதர் காலும் தினமும் படுகிறது என்று ஊரார் சொன்னால் மட்டும் அது பாதை. ஒன்றுக்குப் போவதற்காகப் பற்றைக்குள் ஒதுங்குவதும் பாதையை விட்டு விலகுவதுதான். இதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கூச்சத்தால் ஒதுங்குகிறவர்கள்தான் அதிக தூரம் போகிறார்கள்.

ஒரு சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், கல்லெறியாதீர்கள். வந்த வழியே வெளியேறி பொலிசுக்கு, 119க்குச் சொல்லுங்கள். மிதிவெடி இருக்கும் இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று நடுவில் தெரிந்தால், அந்த இடத்திலேயே அசையாமல் நின்று சத்தம் போட்டு மற்றவர்களையும் நிறுத்துங்கள். உதவி வரும்வரை நிற்பதுதான் வேலை.

4. கட்டுத்துவக்கும் சுருக்கும்

பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற கட்டுத்துவக்கு, அதாவது பொறியாகக் கட்டிவைக்கிற துப்பாக்கி, வன்னியில் இன்றும் உண்டு. மெல்லிய கம்பியோ நைலோன் நூலோ மிருகப் பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும், தட்டினால் வெடிக்கும். காயம் பெரும்பாலும் காலில். தண்ணீருக்கு மிருகம் இறங்குகிற ஒற்றையடிப் பாதைகளிலும் வயல் ஓரத்திலும்தான் இவை அதிகம்.

கூட வருகிறவர் முன்னால் போவதற்கு இது இன்னொரு காரணம். எந்தப் பக்கம் ஆர் கட்டுவார்கள் என்று அவருக்கு ஓரளவு தெரியும். கட்டியவர்களுக்கும் அவர் போகிற வழி தெரியும். வயல் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் இருக்கலாம். வேலியைத் தாண்டிக் குறுக்கு வழி எடுக்காதீர்கள்.

5. மாதமும் நேரமும்

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடை மழை. ஆறு ஓடும், குளங்கள் வான்பாயும், பாதை சேறு. மாசி, பங்குனியின் முற்பகுதிதான் முதல் நடைக்கு நல்ல காலம். மழை விட்டிருக்கும், காலையில் குளிர் இருக்கும், நிழல் இருக்கும். வைகாசி முதல் புரட்டாசி வரை வரட்சி. பகலில் 35 பாகையைத் தாண்டுகிற நாட்கள் சாதாரணம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், எவ்வளவு தண்ணீர் உடம்பைவிட்டுப் போகிறது என்பது தெரியாது.

விடுமுறை அந்தக் காலத்தில்தான் என்றால் நேரத்தைக் கடுமையாகப் பிடியுங்கள். பாதை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற வெளிச்சம் வந்ததும், காலை 6 மணியளவில், வெளிக்கிடுங்கள். அதற்கு முதல் வேண்டாம். இருட்டில் யானையும் கண்ணுக்குப் படாது, கம்பியும் படாது. 9 மணிக்குப் பாறையில் இருக்கவேண்டும். 11 மணிக்கு ஊர்மனைக்குத் திரும்பியிருக்கவேண்டும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். உதாரணமாக 9 மணி. அந்த நேரம் எங்கே நின்றாலும், பாறை கண்முன்னால் தெரிந்தாலும், திரும்ப வேண்டும். காட்டுக்குள் நின்று முடிவெடுக்க விட்டால் எல்லோரும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள்.

6. தண்ணீர்

வரட்சிக்காலத்தில் நடக்கும்போது ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை உடம்பு கேட்கும். 5 மணித்தியால நடைக்கு ஆளுக்கு 4 லீற்றர் கட்டாயம். 5 என்றால் நிம்மதி. ஒரே பெரிய போத்தலாகக் கொண்டு போகாதீர்கள். ஒன்று உடைந்தால் எல்லாம் போய்விடும். ஒன்றரை லீற்றர் போத்தல் மூன்று என்றால் கணக்கும் சுலபம்: முதல் போத்தலும் அடுத்ததில் பாதியும் முடிந்தால் திரும்புகிற நேரம் வந்துவிட்டது, மணிக்கூடு என்ன சொன்னாலும் சரி.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உப்புக் குறைந்து தலையிடியும் குமட்டலும் வரும். அதனால் ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொண்டுபோங்கள். ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர். அளவைக் கூட்டிக் குறைக்காதீர்கள். சாப்பாட்டுக்குக் கச்சான், பனங்கட்டி, எள்ளுருண்டை போதும். காலையில் ஊரில் புட்டோ இடியப்பமோ வயிறாறச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.

வழியில் குளம் இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக் கொண்டுபோவதுதான் நான் அடிக்கடி தடுக்கிற பிழை. ஆவணியில் குளம் என்று வரைபடத்தில் இருப்பது வெடித்த சேறாக இருக்கலாம். மிஞ்சிக் கிடக்கிற தண்ணீரில் மாடும் எருமையும் யானையும் இறங்கியிருக்கும். முதலையும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். எலிக்காய்ச்சல் பரவுவதும் இப்படியான தண்ணீரால்தான். முகம் கழுவக்கூட விளிம்புக்கு இறங்காதீர்கள்.

7. உடையும் பையும்

நீளக் கை வைத்த பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, கணுக்கால் மூடிய சப்பாத்து, கழுத்தை மறைக்கும் தொப்பி. பாட்டா செருப்போடு வராதீர்கள். சூரை முள்ளும் விடத்தல் முள்ளும் அதை ஊடுருவிவிடும். காற்சட்டை விளிம்பைக் கால்மேசுக்குள் செருகுங்கள். உண்ணி கீழிருந்துதான் ஏறும்.

பைக்குள்: ஒரு துவாய், விசில், ரோச் லைற், முழு சார்ஜில் பவர் பாங்க், அகலமான பன்டேஜ் இரண்டு, உண்ணி பிடுங்கச் சிறு இடுக்கி. தீப்பெட்டி வேண்டாம். காய்ந்த சருகும் சோளகமும் சேர்ந்த இடத்தில் தேநீருக்கு மூட்டுகிற நெருப்பை அணைக்க ஒருவராலும் முடியாது.

8. திசை

போனில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் இருப்பிடம் காட்டும். நடக்கத் தொடங்கும்போதே தடத்தைப் பதியவிட்டு, போனைப் பைக்குள் வையுங்கள். வெயில் நேரே பட்டால் சூடாகி அணைந்துவிடும்.

சூரியனை வைத்துத் திசை பிடிக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வன்னி வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலிருந்து ஆவணி (ஆகஸ்ட்) கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். நிழல் தெற்கே விழும். ஐரோப்பாவில் பழகியவர்கள் மத்தியானச் சூரியன் இருக்கும் பக்கம் தெற்கு என்று எடுத்து, நேர் எதிர்த் திசையில் நடந்துவிடுவார்கள். ஆனி மாதத்தில் சூரியன் உதிப்பதும் நேர் கிழக்கில் அல்ல. நன்றாக வடக்கே தள்ளித்தான். காலை, மாலைத் திசையையே ஒத்துப் பாருங்கள், உச்சி வெயிலை நம்ப வேண்டாம்.

தட்டைக் காட்டில் மரத்துக்கு மேலால் எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாதைப் பிரிவிலும் நின்று, வந்த பக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தப் பக்கத் தோற்றம்தான். அந்த இடத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

9. ஆற்றுப் படுக்கையில் நடப்பது

வரண்ட ஆறு காட்டுக்குள் போட்ட தெரு போலத் தெரியும். இரு கரையிலும் மருதமரம், நிழல், முள் இல்லை. ஆனால் இரண்டு விஷயம். வெள்ளம் மிதிவெடியையும் பழைய குண்டுகளையும் இழுத்துவந்து மணலுக்குள் விடக்கூடியது. ஆகவே ஊரார் நடக்கிற, மணல் ஏற்ற உழவு இயந்திரம் ஓடுகிற பகுதியை விட்டு அப்பால் போகாதீர்கள். மற்றது வேகம்: கெட்டியான தரையில் மணிக்கு 4 கிலோமீற்றர் நடப்பவர் மணலில் 2 தான் நடப்பார். நேரக் கணக்கு பிழைப்பது இங்கேதான்.

மணலின் நன்மை, அது எழுதி வைத்திருப்பதை வாசிக்கலாம். யானைத் தடத்தைக் குனிந்து பாருங்கள். பாதத்தின் வெடிப்புக் கோடுகள் தெளிவாக, விளிம்பு கூராக இருந்தால் இன்று காலையது. விளிம்பைக் காற்று மழுக்கி, குறுக்கே வண்டு நடந்த கோடு ஓடினால் நேற்று இரவோ அதற்கு முதலோ. தடத்துக்குள் குழியானை (மணலில் குழி கட்டும் சிறு பூச்சி) குழி கட்டியிருந்தால் பழையது. ஆற்று வளைவில் மணலைத் தோண்டி ஊறிய தண்ணீர் தேங்கி நின்றால், அது யானை தோண்டிய ஊற்றாக இருக்கலாம். தண்ணீர் கலங்கி, ஓரம் ஈரமாக இருக்கிறதா? பேசாமல் திரும்புங்கள். அது திரும்பி வருகிற இடம்.

10. யானையும் கரடியும்

சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காற்று முதுகில் படும்படி வடகிழக்காக நடந்தால் உங்கள் வாசம் முன்னால் போய் மிருகத்துக்குச் சொல்லிவிடும்; அது விலகிவிடும். காற்றுக்கு எதிரே நடக்கும்போதுதான் யானைக்கு மிகக் கிட்ட அறியாமல் போய்விடுவோம். காற்று முகத்தில் படுகிற துண்டுகளில் மெதுவாக, அடிக்கடி நின்று கேட்டு நடங்கள். கொப்பு முறிகிற சத்தமும் வயிறு உறுமுகிற சத்தமும் முதலில் வரும்.

யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள். பேச்சை நிறுத்தி, வந்த பாதையாலேயே பின்வாங்குங்கள். துரத்தினால் பையை எறிந்துவிட்டு ஓடுங்கள்; அது பையில் மினக்கெடலாம். ஊர்மனைக்குள் யானை நின்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்குச் சொல்லலாம்.

கரடி வேறு விதம். வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம். கரடி மரத்தடியிலேயே கிடக்கும். அதற்குக் கண் மட்டு. திடீரென்று கிட்டப் போனால் பயத்தில் பாயும். பாலை மரங்கள் அடர்ந்த இடத்தில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போங்கள். பழம் பொறுக்க ஆசைதான், ஆனால் ஊர்மனைக்குக் கிட்ட நிற்கும் மரத்தில் பொறுக்குங்கள்.

11. பாறை ஏறுவது

ஏறுவதற்கு முன் கீழே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். பாறை இடுக்கில் பெருந்தேனீக் கூடு தொங்குகிறதா? இருந்தால் அந்தப் பக்கம் ஏற வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருகிறவர்களை நான் கீழேயே நிறுத்துவேன்.

வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிப் பாறையின் மேற்தோல் தகடுதகடாகக் கழன்றிருக்கும். கால் வைப்பதற்கு முன் குதியால் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் அந்தத் தகட்டை மிதிக்காதீர்கள். கையை எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நிழலான இடுக்கில் பாம்பு இருக்கும்.

இறங்கும் வழி தெரியாமல் ஏறாதீர்கள். ஒவ்வொரு ஆள் உயரத்துக்கும் ஒருமுறை திரும்பி, இதால் இறங்க முடியுமா என்று பாருங்கள். மேலே கோயில் இருந்தால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்; 10 மணிக்குப் பிறகு வெறுங்காலோடு நிற்க முடியாத சூடு ஏறும். நேரத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குவதுதான் வழி.

12. ஏதாவது நடந்தால்

வெயில்: தலைச்சுற்று, பேச்சுக் குழறல், தடுமாற்றம் வந்தால் நிழலில் படுக்கவைத்து, உடுப்பைத் தளர்த்தி, துவாயை நனைத்துக் கழுத்திலும் கமக்கட்டிலும் போட்டு விசிறுங்கள். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பாம்பு: மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியர்) போவதா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். விசமுறிவு மருந்து ஆசுபத்திரியில்தான் ஏற்றுவார்கள்.

அம்புலன்சுக்கு 1990. அது காட்டுக்குள் வராது, தெருவரைக்கும் வரும். ஆகவே எந்தத் தெருமுனைக்கு வரச்சொல்வது என்பதை வெளிக்கிட முதலே முடிவு செய்து, ஊரில் நிற்கிற ஒருவரிடம் அந்த இடத்தையும் நீங்கள் திரும்ப வேண்டிய நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவர் உழவு இயந்திரத்தோடு ஆட்களைச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

13. திரும்புவது

போன வழியே திரும்புங்கள். வேறு வழியால் சுற்றி வந்தால் இன்னும் இடம் பார்க்கலாமே என்ற எண்ணம் வேறு நாடுகளின் மலைகளில் சரி. இங்கே உங்கள் காலடி பட்ட அந்தத் தடம்தான் அன்றைக்கு நீங்கள் உறுதியாக அறிந்த ஒரே நிலம். கால் தளர்ந்து கவனம் குறைவதும் இந்த நேரத்தில்தான். கூட வந்தவரை முந்திக்கொண்டு போகாதீர்கள்.

ஊருக்கு வந்ததும், நேரம் சொல்லி வைத்த ஆளிடம் முதலில் தலையைக் காட்டுங்கள். பிறகு கிணற்றடியில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, கமக்கட்டு, காதின் பின்பக்கம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள்; மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குள் போன விஷயத்தை டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம்.